புகைப்பவன் எப்போதும் பொடியன் இல்லை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பல்கலைக்கழகங்களின் மாணவர் ஆலோசகர்களுக்கும் விடுதிப் பொறுப்பாளர்களுக்கும்,

கஞ்சா விழிப்புணர்வு என்றாலே ஆண்கள் விடுதியில்தான் கூட்டம். பொடியன் புகைத்தால் வயதுக் கோளாறு என்று ஊர் மன்னித்துவிடும். பெட்டை புகைத்தால் செய்தி வீட்டுக்குப் போகும், கல்யாணப் பேச்சு நிற்கும். அவளிடம் நேரே கேட்டால் ‘இல்லை’ என்றுதான் சொல்வாள். திருநர் மாணவர்களுக்கும் தன்பால் ஈர்ப்புள்ளவர்களுக்கும் இன்னொரு பயம் உண்டு. ‘யாரோடு புகைத்தாய்’ என்று தொடங்கும் விசாரணை, தன்பால் உறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவுவரை போய்விடக்கூடும்.

ஆகவே முதலில் கேட்கும் முறையை மாற்றுங்கள். கஞ்சாப் பாவனையை அளக்கும் க்யூடிட்-ஆர் (CUDIT-R) வினாக்கொத்து போதும்: கடந்த 6 மாதங்களைப் பற்றி 8 கேள்விகள், மொத்தம் 32 புள்ளிகள். 8 வந்தால் பாவனை ஆபத்தானது. 12 வந்தால் மருத்துவ மதிப்பீடு தேவை. படிவத்தில் பதிவிலக்கம் வேண்டாம். கையெழுத்து பிடிபடாதபடி அடையாளமிடும் கட்டங்கள் மட்டும் இருக்கட்டும். பால் பற்றிய கேள்வி கடைசியில் வரட்டும். ‘வேறு’, ‘சொல்ல விரும்பவில்லை’ இரண்டும் அதில் இருக்க வேண்டும். கஞ்சா கலந்த தின்பண்டமான மதன மோதகத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், தின்பதில் புகை மணக்காது. படிவம் சேர்ப்பது வார்டனின் வேலையல்ல. பூட்டிய பெட்டி வையுங்கள்.

பெரும்பாலும் பிழை நேர்வது அறிக்கையில்தான். பீடம், வருடம், பால் மூன்றையும் ஒரே அட்டவணையில் பிரித்து ‘பெண்: 2’ என்று போட்டால், அன்று பின்னேரமே கன்டீனில் இரண்டு பெயர்கள் அடிபடும். 10 பேருக்குக் குறைந்த கட்டத்தைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனையை நம்பி யாரையும் தண்டிக்காதீர்கள். எப்போதாவது புகைப்பவரிடம் 3, 4 நாள் காட்டும். தினமும் புகைத்தவர் நிறுத்தி ஒரு மாதமான பிறகும் காட்டலாம். இன்று போதையில் இருக்கிறாரா என்பதை அது சொல்லாது.

நிறுத்திய ஓரிரு நாளில் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை தொடங்கும். முதல் வாரம்தான் கடினம். இரண்டு வாரமளவில் தணியும். பெண்கள் குமட்டலையும் பதற்றத்தையும் கூடுதலாகச் சொல்கிறார்கள். அதைப் பரீட்சைப் பயம் என்றோ மாதவிடாய் என்றோ தள்ளிவிட்டால் அவர் திரும்ப வரமாட்டார். புகையிலை கலந்து புகைத்தவரென்றால் நிக்கொட்டினுக்கும் சேர்த்தே சிகிச்சை திட்டமிட வேண்டும்.

படிவத்தில் பெயர் இல்லாததால், 12 புள்ளியோ அதற்கு மேலோ வந்ததென்று தானாக வந்து சொல்பவரை அவர் விருப்பத்தோடு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். இரவில் அவசரமென்றால் தேசிய உளநல உதவித் தொலைபேசி 1926. அவர் 18 கடந்தவர். பெற்றோருக்குச் சொல்வதா என்பதை அவரிடமே கேளுங்கள். பெண் உளவளத்துணையாளர் ஒருவரின் அறை நிர்வாகக் கட்டடத்துக்கு வெளியே, பின்னேரம் 4 மணிக்குப் பிறகும் திறந்திருக்கட்டும்.

— மட்டக்களப்பில் பணியாற்றும் உளவளத்துணையாளர்கள்