உடை அறைக்கு முதலில் சிட்டை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இப்போது எழும்பும் வீடுகளில், பெரிய படுக்கையறையை ஒட்டி நடந்து உள்ளே போகும்படியான உடை அறை ஒன்றைப் பலரும் கேட்கிறார்கள். பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் வளவை (நடு முற்றத்தை)ச் சுற்றியுள்ள இரட்டை அறைகளில் உள்ளறையை இதற்கென்று ஒதுக்குகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வரைபடத்தில் அந்த அறைக்குக் கிடைப்பது, படுக்கையறைக்கும் குளியலறைக்கும் போக மிஞ்சிய இடம். 5க்கு 6 என்று ஒரு கட்டம் போட்டு 'டிரெஸ்ஸிங்' என்று எழுதிவிடுகிறார்கள். உள்ளே என்ன வைக்கப் போகிறோம், எத்தனை வைக்கப் போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. ஆசாரி வந்து நிற்கும்போதுதான் அந்தக் கேள்வியே எழுகிறது. அதற்குள் சுவர் எழும்பி, கதவு நிலை வைத்து, சுவிட்ச் பெட்டியும் பதித்தாகிவிடும்.

கல்யாணத்துக்குச் சாமான் சிட்டை போட்டுப் பழகிய ஊர் இது. உடைக்கும் அப்படி ஒரு சிட்டை போடுங்கள். பட்டுச் சேலை எத்தனை, நூல் சேலை எத்தனை, சுடிதார் எத்தனை, வேட்டி, சட்டை, கோட்டு, குழந்தைகளின் பாவாடை, வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பவை என்று எண்ணி எழுதுங்கள். பக்கத்திலேயே மடிப்பதா, தொங்கவிடுவதா என்றும் குறித்துவிடுங்கள். அறையின் நீள அகலம் அந்தத் தாளிலிருந்துதான் வர வேண்டும்.

கைப்பேசியில் காட்டுகிற உடை அறைப் படங்கள் பெரும்பாலும் கோட்டும் கவுனும் தொங்கவிடும் வீடுகளுக்காக வரைந்தவை. நம் வீட்டில் முக்கால்வாசித் துணி மடித்து வைப்பது. இதைக் கவனிக்காமல் நான்கு சுவரிலும் ராடு அடித்தால் இடம் போதவே போதாது. கணக்கைப் பாருங்கள். மடித்த பட்டுச் சேலை சுமார் 11 அங்குல அகலம், 14 முதல் 15 அங்குல நீளம். கனம் ஒன்றேகால் அங்குலம் வரும். ஆறு சேலைக்கு மேல் அடுக்கினால் அடியில் இருப்பதன் மடிப்பு நசுங்கும். அதை உருவும்போது மேலே உள்ளவையும் கலையும். ஆறு சேலை ஏழரை அங்குலம். கை நுழைய இரண்டரை அங்குலம். ஆக ஒரு தட்டின் உள் உயரம் 10 அங்குலம். 3 அடி அகலத் தட்டில் மூன்று அடுக்கு, 18 சேலை. 7 அடி உயர அலமாரியில் இப்படி ஏழு தட்டு வரும். மொத்தம் 126 சேலை. அதே 3 அடியில் ராடு போட்டால் ஏறக்குறைய 20 சேலை தொங்கும்; மேலும் கீழுமாக இரண்டு ராடு போட்டாலும் 40தான். அதோடு, கனத்த ஜரிகைச் சேலை ஹேங்கரில் ஆண்டுக்கணக்கில் தொங்கினால் மடிப்பு விழுந்த இடத்தில் இழை இற்றுப்போகும். தொங்க வேண்டியது அடிக்கடி உடுத்தும் லேசான சேலைகள் மட்டுமே. 2019ல் புவிசார் குறியீடு பெற்ற நம் காரைக்குடிக் கண்டாங்கி கனமான நூல் சேலை. அதை அடுக்குக்கு ஐந்தாகவே வையுங்கள்.

சேலைத் தட்டுக்கு 16 அங்குல ஆழம் போதும். 24 அங்குலம் வைத்தால் பின்னால் இன்னொரு வரிசை உருவாகும். அதில் போன சேலை ஆண்டுக்கணக்கில் கைபடாமல் கிடக்கும். பூச்சி முதலில் பிடிப்பது அந்தப் பின்வரிசையைத்தான். 8க்கு 4 பிளைவுட் பலகையை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்தால், ரம்பத்துக்குப் போக ஏறக்குறைய 16 அங்குலம் கிடைக்கும். துண்டு மிஞ்சாது.

சட்டை, சுடிதார், கோட்டு தொங்கும் பக்கத்துக்கு 24 அங்குல ஆழம் கட்டாயம். ஹேங்கர் 17, 18 அங்குலம். தோள்பட்டை அதைவிடக் கொஞ்சம் வெளியே நிற்கும். ஆழம் குறைந்தால் ஷட்டர் (அலமாரிக் கதவு) மூடும்போதெல்லாம் கை மடிப்பு சிக்கும். ராடின் நடு, பின்பலகையிலிருந்து 12 அங்குலத்தில் வர வேண்டும். இரண்டு ராடு போடும் இடத்தில் மேல் ராடு தரையிலிருந்து 81 அங்குலம், கீழ் ராடு 42. நீள அனார்கலி, ஷெர்வானி போன்றவற்றுக்கு ராடுக்குக் கீழே 5 அடி 3 அங்குலம் தடையில்லாமல் வேண்டும். இதற்கு 2 அடி அகலம் ஒதுக்கினால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். 3 அடிக்கு மேல் நீளும் ராடுக்கு நடுவில் தாங்கி கொடுங்கள். வீட்டில் வயதான ஆச்சி இருந்தால் அவருடைய துணி எல்லாம் தரையிலிருந்து 2 அடிக்கும் ஐந்தரை அடிக்கும் நடுவில் இருக்கட்டும். ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கும்படி எதையும் அவருக்கு வைக்காதீர்கள்.

நடைவழி 3 அடி. இரண்டரை அடிக்குக் கீழே போனால் இழுப்பறையை இழுத்துவிட்டுக் குனிய முடியாது. அலமாரி ஆழம் ஒரு பக்கம் 24 அங்குலம், மறு பக்கம் 16 என்று வைத்தால் ஆறரை அடி அகல அறையிலேயே, பின்சுவரில் விடும் இடைவெளி போக, இந்த 3 அடி கிடைத்துவிடும். இரு பக்கமும் 24 என்றால் அறை 7 அடிக்கு மேல் வேண்டும். சேலையின் மடிப்பை அளந்தால் அரை அடிக்கு மேல் மிச்சம்! நடுவில் மேடை மாதிரி ஒரு பெட்டி போடும் ஆசை பலருக்கு இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு பக்கமும் 3 அடி விட இடமில்லாவிட்டால் அதை மறந்துவிடுவது நல்லது. கதவு உள்பக்கம் திறக்கக் கூடாது. வெளியே திறக்கட்டும், அல்லது நகரும் கதவாக இருக்கட்டும்.

பலகை விஷயத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். பொதுவான அலமாரிக்குக் கொதிநீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். தரம் போதும், குளியலறைச் சுவரை ஒட்டி வருவதற்கு மட்டும் நீரை இன்னும் நன்றாகத் தாங்கும் ஐ.எஸ். 710. தட்டு 18 எம்.எம்.; 3 அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் ஓடவிடாதீர்கள். 18 பட்டுச் சேலை ஒரு தட்டில் இருந்தால் 15 கிலோ வரை பாரம். விலை குறைவென்று பார்ட்டிகிள் போர்டு போடுகிறவர்கள் 2 அடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்னொன்று, இங்கே அடிக்கடி நடக்கும் தவறு: ஷட்டரின் வெளிப்பக்கம் மட்டும் மைக்கா ஒட்டிவிட்டு உள்பக்கத்துக்குப் பெயின்ட் அடிப்பது. ஒரு பக்கம் ஈரம் புகும், மறு பக்கம் புகாது. முதல் மழைக்காலம் முடிவதற்குள் 7 அடி ஷட்டர் வில்லாக வளைந்து நிற்கும். வெளியே 1 எம்.எம். ஒட்டினால் உள்ளே 0.8 எம்.எம். கண்டிப்பாக ஒட்ட வேண்டும். அந்த உயரத்துக்குக் கீல் 4. கண்ணாடி பதித்தால் 5. இழுப்பறைக்கு டெலஸ்கோப்பிக் சேனல் (இழுப்பறை ஓடும் இரும்புத் தடம்) போடும்போது இரு பக்கமும் 13 எம்.எம். விட்டு அளவெடுக்கச் சொல்லுங்கள். ஆசாரி ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) கூட்டியோ குறைத்தோ விட்டால் சேனல் பிடித்துக்கொள்ளும்.

ஆறரைக்கு 8 அறையில், ஒரு பக்கம் 8 அடிக்கு உடை தொங்கும் அலமாரி, எதிரே 6 அடிக்குச் சேலை அலமாரி, மீதி 2 அடியில் ஆள் உயரக் கண்ணாடி என்று வைத்தால், ஷட்டர் உட்பட 18 எம்.எம். பலகை 11 அல்லது 12 ஆகும். பின்பலகைக்கு 6 எம்.எம். பலகை 4. உங்களுக்கு வந்த மதிப்பீடு இதைவிட வெகுவாகத் தாண்டினால் பலகை வெட்டும் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஈரம். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடிய அறையின் ஈரப்பதம் எளிதாக ஏறும். 65 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் பூஞ்சை பூக்கும். படுக்கையறையிலிருந்து உடை அறை, அதன் வழியே குளியலறை என்று ஒரே நேர்கோட்டில் போடும் வரைபடம் பார்க்க அழகாக இருக்கும். வெந்நீர் ஆவி முழுக்கச் சேலைக்குத்தான் போகும். அப்படிப் போட்டே ஆக வேண்டுமென்றால் நடுவில் கதவு வையுங்கள், குளியலறையில் 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக் குளித்து முடித்த பிறகும் கால் மணி நேரம் ஓட விடுங்கள். ஷவர் இருக்கும் சுவரின் மறுபுறம் பட்டு அலமாரியைச் சாய்க்கவே கூடாது. டைல்ஸ் இடுக்கில் கசியும் நீர் இந்தப் பக்கம் வந்து தெரியும்போது பின்பலகை ஏற்கெனவே உப்பியிருக்கும். எந்தச் சுவராக இருந்தாலும் 1 அங்குலமாவது விட்டு அலமாரியை நிறுத்துங்கள். ஷட்டரின் மேலும் கீழும் காற்றுப் புகச் சிறு துளைகளோ ஜாலியோ இருக்கட்டும்.

பழைய வீட்டு உள்ளறையில் வேலை செய்வது வேறு கணக்கு. அது பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவான வீடு. ஒரு புள்ளிக்கு (தனிக் குடும்பத்துக்கு) அறை பாத்தியம் உண்டே தவிர, சுவரை இடிக்கும் உரிமை இல்லை. நாளை யாராவது கேட்டால் கழற்றி எடுத்துவிட்டு அறையைப் பழையபடி ஒப்படைக்கும் விதமாகத்தான் எதையும் செய்ய வேண்டும். ஆகவே சுவரில் ஆணி, திருகு எதுவும் வேண்டாம். முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சில் டிரில் வைத்தால் துளை போட்ட இடம் மட்டும் போகாது, சுற்றிலும் ஓடாகப் பெயர்ந்து வரும். அதைச் சிமென்ட் வைத்து அடைத்தால் சுண்ணாம்போடு ஒட்டாது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறவும் வழியில்லாமல் பக்கத்துப் பூச்சும் உதிரும். தானே நிற்கும் சட்டமாக அலமாரியைச் செய்து, 4 அங்குல உயரம் கூட்டிக்குறைக்கும் பி.வி.சி. கால்களில் நிறுத்துங்கள். காலுக்கடியில் ரப்பர் வைத்தால் ஆத்தங்குடித் தரைக் கல்லில் கீறல் விழாது. தரையில் இழுத்துத் தள்ளாமல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். இந்தச் சுவர்களில் இடைவெளி 2 அங்குலம்.

அலமாரியைப் பட்டறையில் முழுதாகச் செய்து கொண்டுவருவதற்கு முன் நிலையை அளந்துவிடுங்கள். உள்ளறை வாசல்கள் பல குறுகலானவை, படியும் உயரம். 7 அடிப் பெட்டி வளவு வரை வந்து, அறைக்குள் நுழையாமல் நின்றுவிடும். பலகைகளாகக் கொண்டுபோய் உள்ளே வைத்து மினிஃபிக்ஸ் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்புத் திருகு) போட்டு மாட்டும் முறைதான் இங்கே சரி. இரட்டைக் கதவின் ஒவ்வொரு பலகையும் உள்பக்கம் திறக்கும். அது மடங்கி நிற்கும் இடத்தில் அலமாரி வரக் கூடாது. பர்மா தேக்கில் நல்ல பழைய பீரோ இருந்தால் அதை உடைத்துப் பலகையாக்காதீர்கள். அதன் அளவை வைத்தே மற்றதை வரையலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பீரோ வாங்கினால், வீட்டுக்குள் சேர்க்கும் முன் வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். ஊசித் துளைகளுக்கு நேர் கீழே மாவு மாதிரி குவிந்திருந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. மருந்து வைக்காமல் புது அலமாரி பக்கத்தில் அதைக் கொண்டுபோகக் கூடாது.

வருஷத்தில் சில நாள் மட்டும் திறக்கும் வீடு என்றால் பட்டுச் சேலையை அங்கே வைக்கவே வேண்டாம். ஊருக்குக் கிளம்பும்போது தட்டுகளைக் காலி செய்து, ஷட்டர்களைச் சற்றுத் திறந்தே விட்டுப் போவதுதான் பாதுகாப்பு.

புதுப் பலகை, பசை, பாலிஷ் வாசனை அடங்கும் வரை, குறைந்தது இரண்டு மூன்று வாரம், துணியை ஏற்றாதீர்கள். அந்த ஆவியில் வெள்ளி ஜரிகை மங்கும். ஜரிகைச் சேலையைப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், அச்சு மை ஒட்டும் நாளிதழ்த் தாளும் வேண்டாம். ரப்பர் பாண்டில் கந்தகம் உண்டு. அது பட்ட கோட்டில் ஜரிகை கறுத்துவிடும். நாப்தலின் உருண்டை சேலையைத் தொடக் கூடாது. வசம்பையோ காய்ந்த வேப்பிலையையோ துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைப்பது போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் விரித்து, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். கஞ்சி போட்ட வேட்டியை மாதக்கணக்கில் உள்ளே வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்துதான் தீனி. நீண்ட நாள் வைப்பவற்றைக் கஞ்சி போக அலசிக் காயவைத்து அடுக்குங்கள்.

விளக்கில் சிக்கனம் பார்ப்பது தவறு. சன்னல் இல்லாத அறையில் அரக்கும் மெரூனும் ஒன்றாகத் தெரியும். வெளிச்சத்தின் சாயல் 4000 கே (கெல்வின்), நிறத்தை உள்ளபடி காட்டும் அளவான சி.ஆர்.ஐ. 90க்குக் குறையாத எல்.இ.டி. வாங்குங்கள். தட்டின் முன்விளிம்பில் பதித்தால்தான் உள்ளே வெளிச்சம் விழும். கண்ணாடி முன் நிற்பவரின் முகத்துக்கு இரு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வரட்டும். இஸ்திரிக்கு 16 ஆம்பியர் பிளக் ஒன்று வேண்டும். நகைப் பெட்டகம் வைப்பதானால் தரையிலேயே வைத்துப் போல்ட் போடுங்கள். பலகைத் தட்டு அந்தப் பாரத்துக்கானது அல்ல.

தங்கள் நாளிதழில் வீட்டு வரைபடங்கள் வெளியிடும்போது, உடை அறைக்கு வெறும் நீள அகலத்தோடு நிறுத்தாமல், அலமாரியின் ஆழம், நடைவழியின் அகலம், கதவு திறக்கும் பக்கம், குளியலறைச் சுவர் எது என்ற நான்கையும் குறித்து வெளியிட வேண்டுகிறேன். அடித்தளம் போடும் முன்பே பொறியாளரிடம் இந்த நான்கையும் கேட்க அது உதவும்.

இப்படிக்கு,
உள் அலங்கார மரவேலை செய்யும் வாசகர்,
காரைக்குடி.