ஏழு டைட்டன்களும் நீ எழுதிய வரிசையும்

கிளிநொச்சி

அன்பின் நண்பா,

நாங்கள் நலம். உன் நலத்தையும் வீட்டாரின் நலத்தையும் அறிய ஆவல். உன் அம்மாவைப் பரந்தன் சந்தியில் கண்டு கதைத்தேன். கால் நோ நன்றாகக் குறைந்து, தனியாகவே பஸ்ஸில் வந்திருந்தார். வயல் வேலை முடிந்து இரவுகளில் கொஞ்சம் ஓய்வு கிடைப்பதால், டைட்டன்ஃபோல் 2 கணினி விளையாட்டில் பைலட்டுகள் ஏறி ஓட்டும் டைட்டன்கள் என்ற ஏழு பெரிய போர் இயந்திரங்களையும் திறமைப்படி நிரைப்படுத்தி நீ எழுதிய கடிதத்துக்கு விரிவாகவே பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

லீஜியனை முதலாவதாகவும் ஸ்கோர்ச்சைக் கடைசியாகவும் வைத்திருக்கிறாய். லீஜியனின் பிரிடேட்டர் பீரங்கி சுழலத் தொடங்கிவிட்டால் அதன் முன்னால் எவராலும் நெடுநேரம் நிற்க முடியாது என்றும், ஸ்கோர்ச் எதிரியின் கிட்டப் போகாமல் ஒன்றும் செய்ய இயலாது என்றும் காரணம் சொல்கிறாய். இரண்டும் உண்மைதான். ஆனால் அடியின் பலத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் வரிசை பிழைத்துவிடும் என்பது என் கருத்து. ஒரு டைட்டன் எவ்வளவு சேதம் விளைவிக்கிறது என்பதைக் காட்டிலும், எதிரி எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்பதை அது எந்தளவுக்குத் தீர்மானிக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

உடல் வலுவை எடுத்துக்கொள். ஓகர் வகையைச் சேர்ந்த லீஜியனுக்கும் ஸ்கோர்ச்சுக்கும் 12,500 புள்ளிகள். அட்லஸ் வகையான அயனுக்கும் டோனுக்கும், பின்னர் வந்து சேர்ந்த மொனார்க்குக்கும் 10,000. ஸ்ட்ரைடர் வகையான றோனினுக்கும் நோர்த்ஸ்டாருக்கும் 7,500. இந்த எண்களைப் பார்த்தவுடன் பெரிய உடம்புக்காரர்களை மேலே வைக்கத் தோன்றும். ஆனால் 2014இல் வெளிவந்த முதலாவது விளையாட்டுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாட்டை மறந்துவிடக்கூடாது. அதில் சற்று ஒதுங்கி நின்றாலே டைட்டனின் கவசம் தானாக மீண்டுவிடும். இதில் அப்படி மீளாது. எதிரி டைட்டனின் முதுகில் நம்முடைய பைலட் ஒருவர் பாய்ந்தேறி, பச்சை ஒளி வீசும் பற்றரியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்து, நம்மவரின் டைட்டனில் செருக வேண்டும். மொனார்க்கைத் தவிர மற்றவற்றுக்கு அதுவே கவசம் பெறும் முக்கிய வழி. ஆகவே வாங்கிய அடி பெரும்பாலும் வாங்கியதாகவே இருக்கும், பற்றரியைச் சுமந்து வருபவருக்குப் பாதுகாப்பான ஒரு வழி தேவைப்படும், அந்த வழியைத் திறந்து வைத்திருக்கும் டைட்டனின் பெறுமதி அது கொடுத்த சேதத்தின் கணக்கில் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

இந்த அளவுகோலின்படி என் வரிசையில் அயன் முதலாவது. அதனிடம் இருப்பவை எல்லாம் ஒரே சக்திக் கலத்திலிருந்து ஊட்டம் பெறுகின்றன: தோளிலிருந்து பாயும் லேசர், எதிரியின் குண்டுகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் சுழற்கவசம், தரையில் பதிக்கும் லேசர்க் கம்பிப் பொறி, துப்பாக்கியின் மூன்றாகப் பிரியும் சூடு. ஒன்றில் செலவழித்தால் மற்றதற்கு இல்லை. அதனாலேயே அயனை ஓட்டுபவர் ஒவ்வொரு கணமும் கணக்குப் பார்த்தாக வேண்டும், கணக்கு சரியாக இருந்தால் கிட்ட வருபவருக்கும் எட்ட நிற்பவருக்கும் கொடுக்க அவரிடம் ஏதோவொன்று இருந்துகொண்டே இருக்கும். உன் லீஜியன் முழு வேகத்தில் சுடும்போது அந்தக் குண்டுகளையெல்லாம் ஏந்திப் பிடித்து, கவசத்தைத் தளர்த்தும் நேரத்தில் அவ்வளவையும் உன் பக்கமே திருப்பி எறியும் டைட்டன் இது ஒன்றுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே லீஜியனை அயனுக்கு மேலே வைக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது இடத்தை ஸ்கோர்ச்சுக்குக் கொடுக்கிறேன். நீ வியப்படைவாய் என்று தெரியும். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சென்ற கிழமை ஏஞ்சல் சிற்றி வரைபடத்தில் தங்கையின் மகனும் நானும் ஒரே அணியில் ஆடினோம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே டைட்டன் ஒன்று மட்டும் நுழையக்கூடிய தெருவொன்றின் வாயிலில் எரிவாயுப் பொறியை எறிந்துவிட்டு நான் மூலைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். எதிரணியின் றோனின் ஒன்று வந்தது. பொறியைக் கண்டதும் அது உடனே வேறு பரிமாணத்துக்குள் மறைந்து, பொறியைக் கடந்து என் பக்கமாக வெளிப்பட முயன்றது. மறைந்து போகும் றோனின் எவ்வளவு தூரம் போகும் என்பது ஓரளவு கணிக்கக்கூடியது. அது வெளிப்படும் இடத்தைப் பார்த்து நெருப்புச் சுவரை விட்டேன். சுவர் எரிவாயுவையும் பற்றவைத்துக்கொண்டு தெரு முழுவதும் படர்ந்தது. முன்னால் வந்தால் என் வெப்பக் கவசம் சுடும், பின்னால் போனால் எரியும் வாயு. றோனினுக்கு இருப்பதே மூன்று கட்டை உயிர், அதாவது அந்த 7,500 புள்ளிகள். சண்டையில் மெல்ல நிரம்பும் சிறப்பு ஆற்றலான தன் கோரைத் தொடக்கக்கூட அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அந்தச் சண்டையில் நான் குறிபார்த்துச் சுட்டது மிகக் குறைவு. அதற்குள் மருமகன் பக்கத்துத் தெருவால் போய், வேறொரு டைட்டனின் முதுகிலிருந்து பற்றரி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திரும்பி வந்தான், ஏனென்றால் அவனைத் துரத்தி வரக்கூடிய தெரு எரிந்துகொண்டிருந்தது.

இதில் இன்னுமொரு காரணமும் உண்டு. அதை லண்டனில் இருந்துகொண்டு நீ யோசித்திருக்க மாட்டாய். உன் வீட்டில் ஃபைபர் இணைப்பு, பக்கத்திலேயே சேவையகம். நாங்கள் இங்கிருந்து சிங்கப்பூர்ச் சேவையகத்துக்குப் போய் ஆட வேண்டியிருக்கிறது. மாலை ஏழு மணிக்குப் பிறகு ஊரில் எல்லோரும் ரவுட்டரைப் போட்டுக்கொண்டு படம் பார்க்கத் தொடங்கினால் தாமதம் கூடிவிடும். மாரி மழை பிடித்துவிட்டால் கோபுரத்தின் சமிக்ஞையும் ஏறி இறங்கும், மின்சாரமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. திரையில் எதிரி நிற்கும் இடமும் அவன் உண்மையில் நிற்கும் இடமும் ஒன்றாக இல்லாத வேளையில், துல்லியமாகக் குறிவைத்தே தீர வேண்டிய டைட்டன்கள் எல்லாம் வரிசையில் கீழே இறங்குகின்றன, தரையில் எதையாவது விட்டுவிட்டு வரக்கூடியவை மேலே ஏறுகின்றன. நெருப்பு தரையில் கிடக்கிறது; எதிரிதான் அதற்குள் வர வேண்டும். இணையத்தில் புழங்கும் வரிசைகள் பெரும்பாலும் நல்ல இணைப்பு உள்ளவர்கள் தங்களுக்கென்று போட்டவை. வன்னியில் இருந்து ஆடுபவன் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால் தன் ஆட்டத்துக்குப் பொருந்தாத டைட்டனோடு மாரடிக்க வேண்டியதுதான்.

றோனின் மூன்றாவது. இங்குள்ள இளம் பெடியன்கள் எல்லோருக்கும் அதுவே விருப்பம், ஏனெனில் வாள் இருக்கிறது. ஆனால் வாள் வீசுவது றோனினின் பாதி வேலைதான். அடித்துவிட்டு எப்போது விலகுவது என்பது மற்றப் பாதி. மின்னலையை அனுப்பி எதிரியின் நடையைத் தளர்த்தி, லெட்வோல் துப்பாக்கியால் கிட்ட நின்று இரண்டு தரம் சுட்டு, எதிரி திரும்புவதற்குள் மறைந்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் ஆசைப்பட்டு நின்றால் மூன்று கட்டை உயிர் எந்தப் பக்கமாகப் போனது என்றே தெரியாது. வாளைக் குறுக்கே பிடித்துத் தடுப்பது சேதத்தைக் குறைக்குமே தவிர முற்றாக நிறுத்தாது. இதை மருமகனுக்கு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இணைப்பு நன்றாக இருக்கும் விடியற்காலையில் ஆடினால் றோனினை ஸ்கோர்ச்சுக்கு மேலே வைக்கவும் எனக்குச் சம்மதம்.

நாலாவது மொனார்க். 2017 மே மாதத்தில் ஏழாவதாக, அதுவும் இலவசமாக வந்து சேர்ந்த டைட்டன் இது. அதன் கோர் மற்றவற்றைப் போல ஒரே தரத்தில் வெடித்துத் தீராது. ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் டைட்டன் ஒரு படி உயர்கிறது, மூன்று படிகளில் ஒவ்வொன்றுக்கும் மூன்று தெரிவுகள் இருக்கின்றன. தொடக்கத்தில் பலவீனம், தப்பிப் பிழைத்தால் பிற்பகுதியில் பெரும் பலம். எதிரியிடமிருந்து சக்தியை உறிஞ்சித் தன் கவசத்தை நிரப்பிக்கொள்வதோடு, முதற்படியில் அதற்குரிய தெரிவை எடுத்திருந்தால் தோழனின் டைட்டனுக்கும் கவசம் கொடுக்கும். கூட ஆடுபவர்களை அறிந்தவர்கள் கையில் மொனார்க் இருந்தால் பற்றரித் தட்டுப்பாடு பாதியாகத் தீர்ந்துவிடும். தனியாக நுழைந்து, பெயர் தெரியாதவர்களோடு ஆடும்போது மட்டும் அதை எடுக்காதே.

இப்போது லீஜியனுக்கு வருகிறேன். ஐந்தாவது இடம் என்றதும் கோபித்துக்கொள்ளாதே, அதன் பலத்தை நான் மறுக்கவில்லை. நீண்ட நேர்த்தெருவில், பீரங்கியைத் தூரத்துக்குச் சுடும் முறையில் வைத்து, முன்னால் துப்பாக்கிக் கவசத்தையும் விரித்துக்கொண்டு நிற்கும் லீஜியனை நேரே எதிர்கொள்வது முட்டாள்தனம். ஸ்மார்ட் கோர் இயங்கும்போது குறிபார்க்கும் வேலையையும் அதுவே செய்துவிடும், எங்களுடைய தாமதத்துக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதன் கவசம் முன்பக்கத்துக்கு மட்டும்தான். பீரங்கி சுழன்று வேகமெடுக்க நேரம் எடுக்கும், சுழலும்போது நடை தளரும், பாய்ந்து விலகுவதற்கோ ஒரே ஒரு பாய்ச்சல். தோழர் ஒருவர் பின்புறத்தைக் காத்தால் லீஜியன் மலை. காக்காவிட்டால் அதன் முதுகில் ஏறுவதற்கு எதிரணிப் பைலட்டுகள் வரிசையில் நிற்பார்கள். நீ லண்டனில் உன் அலுவலக நண்பர்களோடு ஒழுங்காகப் பேசிக்கொண்டு ஆடுகிறாய். உன் லீஜியனின் வெற்றியில் பாதி அவர்களுடையது என்பதை நீ கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

டோன் ஆறாவது. 2016 ஒக்ரோபர் 28ஆம் திகதி விளையாட்டு வெளிவந்த புதிதில் எங்கு பார்த்தாலும் டோன்தான். பின்னர் வந்த திருத்தங்களில் அதன் கை தாழ்ந்தது. பீரங்கியால் மூன்று அடையாளங்கள் இட்ட பிறகே தொடரும் றொக்கெற்றுகள் புறப்படும், அந்த மூன்றாவது அடையாளத்துக்கு முன் ஒளிந்துகொள்ளப் பழகியவர்களே இன்று ஆட்டத்தில் மிஞ்சியிருக்கிறார்கள். நால்வர் சேர்ந்து ஹார்வெஸ்டர் என்ற இயந்திரத்தைக் காக்கும் ஃப்ரொன்டியர் டிஃபென்ஸ் ஆட்டத்தில் டோனை இவ்வளவு கீழே வைக்க மாட்டேன்.

நோர்த்ஸ்டாரைக் கடைசியாக வைத்தது அதன் குறையால் அன்று. அந்தரத்தில் எழுந்து நின்று, ரயில்கன் என்ற நெடுந்தூரத் துப்பாக்கியை முழுவதும் ஏற்றி, ஹோம்ஸ்டெட் போன்ற திறந்த வரைபடத்தில் எதிரியைக் கிட்டவே வரவிடாமல் வைத்திருக்கும் ஒருவரை நான் கண்டிருக்கிறேன்; அவரை எவராலும் நெருங்க முடியவில்லை. உன் வீட்டிலிருந்து ஆடினால் நானே அதை இரண்டாவதாக வைப்பேன். ஆனால் அந்த டைட்டனின் உயிர் முழுவதும் ஒரே ஒரு குண்டு சரியான இடத்தில் படுவதில் தங்கியிருக்கிறது, அந்தக் குண்டு இங்கிருந்து கடல் தாண்டிப் போய்ச் சேருவதற்குள் எதிரி நகர்ந்துவிடுகிறான்.

நான் இவ்வளவு உறுதியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பலத்தைக் கூட்டிக் குறைக்கும் திருத்தங்கள் இந்த விளையாட்டுக்கு வருவது எப்போதோ நின்றுவிட்டது. ஆகவே இன்று நாம் போடும் வரிசை அடுத்த மாதம் பொய்த்துப் போகாது. வேறு விளையாட்டுகளில் ஒரு டைட்டனை, அல்லது அதுபோன்ற ஒன்றைப் பழகி முடிப்பதற்குள் அதன் பலத்தை மாற்றிவிடுகிறார்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லாதபடியால் ஆழமாகப் பழகுவதற்கும், பழகியதை வைத்து வாதாடுவதற்கும் இடம் இருக்கிறது. ரெஸ்போன் நிறுவனம் 2019இல் இதே உலகத்தை வைத்து ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸை வெளியிட்டபோது டைட்டன்களை விட்டுவிட்டது எனக்கு இன்னும் மனக்குறைதான்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு மாலை ஐந்தரை ஆகும்போது இங்கே இரவு பத்து மணி. ஊரும் அடங்கியிருக்கும், இணைப்பும் தேறியிருக்கும். அந்த நேரத்தில், ஓர் அணியின் டைட்டன்கள் மட்டும் மிஞ்சும்வரை மோதும் லாஸ்ட் டைட்டன் ஸ்டாண்டிங் ஆடுவோம். நீ சிங்கப்பூர்ச் சேவையகத்துக்கு வா. தாமதத்தோடு உன் லீஜியன் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். நான் ஸ்கோர்ச்சையும், மருமகன் றோனினையும் எடுக்கிறோம், உன் பின்புறத்தை நாங்கள் காப்போம். அதற்கு முன் எனக்கு ஒரு பதில் வேண்டும்: மொனார்க்கை நீ ஆறாவதாக வைத்திருக்கிறாய், ஆனால் ஏன் என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதை எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்