லூ பூ மேல் பழி போடாதே

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இங்கே எல்லோரும் சுகம். அம்மா உன்னை விசாரித்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய சீனப் போர்களை வைத்துக் கம்ப்யூட்டரில் ஆடும் 'டோட்டல் வார்: த்ரீ கிங்டம்ஸ்' விளையாட்டில், அந்தக் காலத்துத் தளபதி லூ பூ வேஸ்ட், மூணாவது சண்டையிலேயே காலி, அதனால் குவான் யூ இருக்கும் லியூ பெய் பக்கம் மாறப்போகிறேன் என்று எழுதியிருந்தாயே, படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. குவான் யூ மாவீரன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். மூன்று ஜெனரல்களும் வேன்கார்ட் (பாய்ந்து தாக்குகிற வகை), பதினெட்டுப் பிரிவும் குதிரைப்படை! கோட்டைச் சுவருக்கு முன்னால் குதிரையை வைத்துக்கொண்டு என்னடா செய்வாய்?

ஒரு படைக்கு மூன்று ஜெனரல், ஆளுக்கு ஆறு பிரிவு. லூ பூ ஒருவன் மட்டும் வேன்கார்டாக இருக்கட்டும், அவனுக்குக் கீழே தாக்குதல் குதிரைப்படை. இரண்டாவது ஆள் சாம்பியன் வகை, அவனுக்கு ஈட்டிக்காரர்கள். மூன்றாவது கட்டாயம் ஸ்ட்ராட்டஜிஸ்ட், அதாவது போர்த்தந்திரி. அவனிடம் நாலு வில் பிரிவு, கல்லெறி இயந்திரம் கிடைத்தவுடன் அதில் இரண்டு. அணிவகுப்புகள் அவன் மூலமாகத்தான் கிடைக்கும். அவனுடைய சூழ்ச்சித்திறன் ஏற ஏற அம்புக் கையிருப்பும் கூடும். அவனை டூயலுக்கு (தளபதிக்குத் தளபதி தனிச் சண்டை) அனுப்பிவிடாதே, அது அவன் வேலை இல்லை.

களத்தில் ஈட்டி முன்னால், வில் பின்னால். குதிரைகளை ஒரு ஓரத்தில், காடு இருந்தால் காட்டுக்குள் மறைத்துவை. எதிரி உன் ஈட்டி வரிசையில் வந்து சிக்கும் வரை லூ பூவை அசைக்காதே. சிக்கியதும் சுற்றிப் போய் முதலில் அவர்களுடைய வில்லாளிகளைச் சிதறடி, பிறகு முதுகுப் பக்கமாக மோது. நீ தப்பு செய்வது இதற்கப்புறம்தான். மோதலின் வேகம் முதல் சில நொடிகளுக்குத்தான். அது அடங்கிய பிறகு குதிரை நின்ற இடத்திலேயே நின்று வெட்டிக்கொண்டிருந்தால் சாதாரணக் காலாட்படைகூட அதைத் தின்றுவிடும். மோது, பின்வாங்கு, நல்ல தூரம் போய்த் திரும்பி வந்து மறுபடி மோது. ஈட்டியை முன்நீட்டித் தயாராக நிற்கிறவர்கள் மேல் மட்டும் நேருக்கு நேர் பாயாதே, லூ பூவின் ரெட் ஹேர் குதிரையே ஆனாலும் சரி.

டூயல் விஷயத்தில் உனக்கு ஆசை அதிகம். எதிரித் தளபதி விழுந்தால் அவன் படையின் மனோபலம் சரியும் என்பது உண்மைதான். அதற்காக வரிசையாக மூன்று பேரிடம் மோதவிட்டால் எந்த வீரன் தாங்குவான்? ஒருவனை முடித்தபின் அவன் உடல்நிலைக் கோட்டைப் பார். பாதிக்குக் கீழே போயிருந்தால் அன்றைக்கு டூயல் போதும், குதிரைப்படையோடு சேர்ந்தே ஓடட்டும்.

படை எடுத்துப் போகும்போது உணவுக் கையிருப்பையும் கவனி. எதிரி மண்ணில் அது ஒவ்வொரு சுற்றிலும் கரையும், சொந்த மண்ணில்தான் நிரம்பும். வருஷத்துக்கு ஐந்து சுற்று என்பதை மறந்து ஆழமாகப் போய்விடுகிறாய், அப்புறம் ஆள் தேய்கிறது என்று புலம்புகிறாய்.

ஆனால் செந்தில், உன் ஆட்டம் உண்மையில் கவிழ்ந்த இடம் களம் இல்லை. உன் தளபதிகளின் திருப்தி அளவைப் பார்த்தாயா? மூன்று பேர் சிவப்பில். பதவி கேட்டவனுக்குப் பதவி இல்லை, ஒருவருக்கொருவர் ஆகாத இரண்டு பேரை ஒரே படையில் போட்டிருக்கிறாய். போகாமல் என்ன செய்வார்கள்? எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்ததே இதுதான். நிஜ லூ பூ கவிழ்ந்ததும் இப்படித்தான்.

காவ் ஷுன் என்று ஒரு தளபதி அவனிடம் இருந்தான். குடிக்கமாட்டான், பரிசு வாங்கமாட்டான். எழுநூற்றுச் சொச்சம் பேர்தான் அவன் படை, ஆயிரம் என்று சொல்லிக்கொள்வார்கள். தாக்கிய அணியை உடைக்காமல் திரும்பியதில்லை என்று பெயர். லூ பூவின் இன்னொரு தளபதி ஹாவ் மெங் கலகம் செய்தபோது அதை அடக்கியவனும் அவன்தான். அதற்கப்புறம் லூ பூ என்ன செய்தான் தெரியுமா? காவ் ஷுனிடமிருந்த வீரர்களை எடுத்துத் தன் உறவுக்காரன் வெய் சூவிடம் கொடுத்தான். சண்டை வந்தால் மட்டும் அவர்களைக் காவ் ஷுன் நடத்த வேண்டும். கடைசியில், எதிரி சாவ் சாவ் ஸியாபி நகரை முற்றுகையிட்டபோது, லூ பூவின் ஆலோசகன் சென் கோங்கைப் பிடித்துக்கொண்டு சாவ் சாவ் பக்கம் போனவர்களில் அந்த வெய் சூவும் ஒருவன். காவ் ஷுன் கடைசி வரை நின்று செத்தான்.

பிடிபட்ட லூ பூ, கட்டு இறுக்கமாக இருக்கிறது, தளர்த்துங்கள் என்றான். புலியைக் கட்டும்போது இறுக்கித்தான் கட்ட வேண்டும் என்றான் சாவ் சாவ். உங்களுக்காகக் குதிரைப்படையை நான் நடத்துகிறேன் என்று லூ பூ சொன்னதும் சாவ் சாவ் கொஞ்சம் யோசித்தான். பக்கத்தில் இருந்த லியூ பெய், லூ பூ சேவை செய்துவிட்டுக் கொன்ற திங் யுவானுக்கும் தோங் சுவோவுக்கும் என்ன ஆயிற்று என்பதை ஞாபகப்படுத்தினான். அவ்வளவுதான், முடிந்தது. இத்தனைக்கும் கி.பி. 196-இல் இதே லியூ பெய்யைக் காப்பாற்றியவன் லூ பூ. லியூ பெய்யைத் தாக்க முப்பதாயிரம் பேரோடு ஜி லிங் என்ற தளபதி வந்து நின்றபோது, முகாம் வாசலில் ஒரு ஹால்பர்டை (கோடரி அலகு வைத்த ஈட்டி) நடச் சொல்லி, அதன் சின்ன அலகில் என் அம்பு பட்டால் இரண்டு பேரும் கலைந்து போங்கள் என்றான். ஒரே அம்பு, பட்டது. படைகள் திரும்பிவிட்டன. ஹூலாவ் கணவாய் வாசலில் லியூ பெய், குவான் யூ, ஜாங் ஃபெய் மூன்று பேரோடு லூ பூ தனியாகப் பொருதிய கதை பின்னால் வந்த நாவலின் கற்பனை. இந்த அம்பு வரலாற்றில் இருக்கிறது.

அதனால் லியூ பெய் பக்கம் மாறாதே. 194-இல் தொடங்கும் ஆட்டத்தைப் புதிதாக எடு. முதல் சுற்றிலேயே அரசவைப் பக்கத்தைத் திற, யாருக்குப் பதவி ஆசை என்று பார்த்துக் கொடு. ஆகாதவர்களை வேறு வேறு படையில் போடு. பத்துச் சுற்று ஆடிவிட்டு சேவ் ஃபைலை அனுப்பு, எந்த ஊரை முதலில் பிடிப்பது என்று அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
முரளி