கூடத்தில் கிடக்கும் கூடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீடு, அலுவலகம் இரண்டுக்கும் நடுவே கைவேலைக்கு நேரம் ஒதுக்குவது எப்படி என்று சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள் என்பது அதன் முதல் யோசனை. நான் எழுந்திருப்பதே நாலே முக்காலுக்கு. அதற்கும் முன்னால் எழுந்தால் எங்கள் தெரு நாய்களுக்குத் துணையாக இருக்கலாம், வேறு பயன் தெரியவில்லை. எழுதியவரைக் குறை சொல்லவில்லை, நல்ல மனத்தோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் சில வருடங்களாக ஒயர்கூடை பின்னுகிறவள் என்ற முறையில் எனக்கும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது.

மயிலாடுதுறையில் குடியிருக்கிறேன். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். போக வர ரயில்தான். குத்தாலம், நரசிங்கம்பேட்டை, ஆடுதுறை, திருவிடைமருதூர், திருநாகேஸ்வரம் என்று நின்று நின்று போகும் வண்டி. உட்கார இடம் கிடைத்த நாளில் மடியில் கூடையின் அடிப்பாகம் இருக்கும். இரண்டு ஒயர்களை மடித்து, ஒன்றின் மடிப்புக்குள் மற்றதை நுழைத்து, நாலு முனைகளையும் ஒரே சமயத்தில் இழுத்தால் ஒரு முடிச்சு. 24 முடிச்சு சேர்ந்தால் நான் போடும் அளவில் ஒரு வரிசை. மயிலாடுதுறையில் ஏறி கும்பகோணத்தில் இறங்குவதற்குள் இரண்டு வரிசை ஏறிவிடும், பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுக்காவிட்டால். அடி முடிந்து கூடை எழும்பத் தொடங்கிவிட்டால் ரயிலில் முடியாது. நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர் முனைகள் எதிரே இருப்பவர் மூக்கைத் தொடும். அதன்பிறகு வீட்டில்தான்.

நான் இதை ஆரம்பித்தது 2019 ஜனவரியில். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்த மாதம். கடைக்காரர் பை கிடையாது என்று சொல்லிவிட்டார். கையில் பை இல்லாமல் கத்திரிக்காயை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் பரணில் கிடந்த என் அம்மாவின் கூடையை இறக்கினேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்துக் கூடை, பச்சையும் வெள்ளையும். ஒரு பக்கக் கைப்பிடி மட்டும் அறுந்திருந்தது. ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று என் மகள் கேட்டாள். ஆமாம், பிளாஸ்டிக்தான். ஆனால் அவளைவிட வயதான பிளாஸ்டிக், இன்னும் ஐந்து கிலோ வெங்காயம் தாங்குகிறது. அந்தக் கைப்பிடியைச் சரிசெய்ய அவிழ்த்துப் பார்த்ததில்தான் பாதி வேலையைக் கற்றுக்கொண்டேன். மீதியைப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தார்.

கட்டுரையின் இரண்டாவது யோசனையில்தான் எனக்குச் சண்டை. கைவேலைச் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு, அழகாக அடுக்கி, அலமாரியில் வையுங்கள் என்று சொல்கிறது. முதல் வருடம் நான் செய்தது அதுதான். பின்னி முடிந்ததும் ஒயரைச் சுற்றி, கத்தரியோடு பையில் போட்டு, பீரோவின் மேல் வைப்பேன். ஒருமுறை அப்படி வைத்தது நாலு மாதம் அங்கேயே இருந்தது. நேரம் இல்லாமல் இல்லை. ஸ்டூல் போட்டு ஏறி, பையை இறக்கி, எங்கே விட்டோம் என்று வரிசை எண்ணிப் பார்ப்பதற்குள் குக்கர் கூப்பிட்டுவிடும்.

பிறகு ஒரு பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பீரோ மேல் இருந்ததையெல்லாம் இறக்கியதில் கூடை கூடத்து மூலையில், டிவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. திரும்ப ஏற்றிவைக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. போகிற போக்கில் இரண்டு முடிச்சுப் போடுவேன். பருப்புக்கு மூன்று விசில் வருவதற்குள் எட்டு முடிச்சு. மின்சாரம் போனால் கைத்தடவலிலேயே ஒரு வரிசை. பீரோ மேல் நாலு மாதம் கிடந்த கூடை, மூலைக்கு வந்த பதினைந்தாம் நாள் முடிந்தது. அலமாரியில் அடுக்கி வைத்த கைவேலை அத்தோடு முடிந்தது என்றுதான் நான் சொல்வேன். அது காலில் தட்டுப்பட வேண்டும், வீடு கொஞ்சம் அலங்கோலமாக இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையில் இந்தக் கடைசி விஷயம் இல்லவே இல்லை.

எங்கள் வீட்டில் பொறுத்துக்கொள்ளாதவர் என் மாமியார். வயது 78. ஒயர் சிதறிக் கிடக்கிறது, யாராவது தடுக்கி விழப்போகிறார்கள் என்று தினமும் ஒரு பாட்டு. ஒருநாள் மாலை கடையிலிருந்து வந்து பார்த்தால், காலையில் நான் விட்டுப்போன இடத்துக்கு மேல் மூன்று வரிசை ஏறியிருந்தது. முடிச்செல்லாம் இறுக்கமாக, ஒரே சீராக இருந்தன. ஆனால் சாய்வு மட்டும் மாறியிருந்தது. என் முடிச்சு வலப்பக்கம் சாயும், அந்த மூன்று வரிசையும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அத்தை ஒன்றும் தெரியாதவர்போல ஊஞ்சலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்த புதிதில் தென்னங்கீற்று முடைந்த கை அது. 100 கீற்று முடைந்தால் என்ன கூலி என்று இன்னமும் சொல்வார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரிசைகளை அவிழ்க்கவும் இல்லை, அதற்கு மேல் என் சாய்விலேயே பின்னி முடித்துவிட்டேன். இன்று நான் சந்தைக்கு எடுத்துப்போவது அந்தக் கூடைதான். வெயிலில் திருப்பிப் பிடித்தால் நடுவில் ஒரு பட்டை மட்டும் வேறு மாதிரி மின்னும்.

சந்தையில் அந்தக் கூடையைப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, என்ன விலைக்குப் போடுகிறீர்கள் என்பது. விற்பதில்லை என்றால் நம்புவதில்லை. 3 கட்டு ஒயர், என் கணக்கில் 14 மணி நேரம். ஆட்காட்டி விரலின் ஓரத்தில் ஒயர் அறுத்த தழும்பு வேறு. இதற்கெல்லாம் விலை போட்டால் யாரும் வாங்கமாட்டார்கள். போடாமல் விற்றால் எனக்குத் தூக்கம் வராது, நான் கணக்கு எழுதுகிறவள்.

2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வண்டி அந்த ஊரில் நிற்கும்போது எங்கள் பெட்டியில் ஒரு பெரியவர், "அடுத்தது உங்கள் கூடைக்குத்தான் அம்மா" என்றார். பெட்டியே சிரித்தது, நானும் சிரித்தேன். அங்கே பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தை வாங்கி, கடைந்து, துளையிட்டு நாதஸ்வரம் செய்கிறார்கள். அது அவர்கள் பிழைப்பு. விலையும் வேண்டும், மரியாதையும் வேண்டும். என் கூடைக்கு இரண்டும் வேண்டாம். அதற்கு வேண்டியது கூடத்து மூலையில் இரண்டடி இடம்.

மார்கழியில் விடியற்காலையில் குனிந்து நின்று, 15 புள்ளி வைத்து 8 வரை ஊடுபுள்ளிக் கோலத்தை முக்கால் மணி நேரம் போட்டால் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. நின்று பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக்கூடப் போகிறார்கள். அதே முக்கால் மணி நேரம் மாலையில் கூடை மடியோடு உட்கார்ந்தால், "வேலை ஒன்றும் இல்லையா?" என்று கேட்கிறார்கள். இதை என் கணவரிடம் சொன்னேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "கோலம் வாசலில் இருக்கிறது, கூடை நான் நடக்கும் வழியில் இருக்கிறது" என்றார். பதில் சரிதான், ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பள்ளியிலிருந்தே இப்படித்தான். வாரத்துக்கு இரண்டு கைத்தொழில் வகுப்பு உண்டு என்று அட்டவணை சொல்லும். அதைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார். வட்டியில்லாக் கடன், முதலும் திரும்பி வந்ததில்லை. அந்தக் கடனில் கற்ற கணக்கால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்பதால் அதிகம் பேசவும் முடியவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் கைவேலை என்றாலே யாரோ ஒருவர் அதை வைத்து மாதம் எத்தனை ஆயிரம் சம்பாதிக்கிறார் என்று தலைப்பு வருகிறது. அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஒரு வாரமாவது, சம்பாத்தியத்தைப் பற்றிப் பேசாமல், சிவன் கண் முடிச்சை எப்படித் தொடங்குவது என்று படம் போட்டுக் காட்டுங்கள். நெல்லிக்காய் முடிச்சு எனக்கு ஒரு மாதிரி வந்துவிட்டது, சிவன் கண் மட்டும் நாலாவது ஒயரில் குழம்பிப்போகிறது. பக்கத்து வீட்டு அக்காவும் இப்போது ஊரில் இல்லை, மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் நல்லது. ரயிலில் ஆடிக்கொண்டே பார்க்க வேண்டும்.

இதைக் குத்தாலத்தில் எழுத ஆரம்பித்தேன். திருநாகேஸ்வரம் தாண்டிவிட்டது. இன்றைய இரண்டு வரிசை இதில் போயிற்று.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை