பொது நிதியை விமானத்தில் ஏற்றும் முன்

கோத்தகிரி வட்டாரச் சிறு தேயிலை விவசாயிகளான நம் சேமிப்புக் குழுவின் தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொது நிதியில் ஒரு பகுதியை விமான நிறுவனப் பங்குகளில் போடுவது பற்றி அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வருகிறது என்று அறிந்தேன். சுற்றறிக்கையில் சொல்லப்பட்ட காரணம், கோவை விமான நிலையத்தில் எந்நேரமும் கூட்டம் என்பதுதான். கூட்டத்தைப் பார்த்துப் பங்கு வாங்குவதென்றால், மேட்டுப்பாளையம் போகும் பஸ்ஸில் அல்லவா முதலில் பணம் போட வேண்டும்!

பயணிகள் பெருகுவது வேறு. பங்குதாரருக்கு மிஞ்சுவது வேறு. 2005-இல் ஜெட் ஏர்வேஸ் பங்கு 1,100 ரூபாய்க்கு வெளியிடப்பட்டபோது, அதை வாங்கப் பெரும் போட்டி. 2019 ஏப்ரலில் அந்த விமானங்கள் பறப்பதை நிறுத்தின. 2024 நவம்பரில் நிறுவனத்தைக் கலைத்துச் சொத்துகளை விற்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கிங்ஃபிஷர் அதற்கு முன்பே, 2012-இல் நின்றுபோனது. கோ ஃபர்ஸ்ட் 2023-இல் திவால் மனு போட்டது. நாட்டில் விமானம் ஏறுவோர் தொகை பல மடங்கு பெருகிய காலத்தில்தான் இவ்வளவும் நடந்தது.

காரணம் நமக்குப் புரியாததல்ல. பறித்த பச்சைத் தேயிலையை அன்றே தொழிற்சாலைக்கு அனுப்பியாக வேண்டும். விலை படியவில்லை என்று நாளைக்கு வைத்திருக்க முடியாது. விமானத்தின் காலி இருக்கையும் அப்படித்தான். கதவு மூடியதும் அதன் மதிப்பு பூஜ்யம். அதனால் போட்டி நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தால் இவர்களும் குறைத்தே தீர வேண்டும். செலவோ இவர்கள் கையில் இல்லை. செலவில் பெரும்பங்கு எரிபொருளுக்குப் போகிறது. அதன் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதந்தோறும் மாற்றுகின்றன. அது ஜி.எஸ்.டி.க்குள் வராததால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வரி போடுகிறது. விமானங்களில் பெரும்பாலானவை குத்தகைக்கு எடுத்தவை, வாடகை டாலரில். டிக்கெட்டை ரூபாயில் விற்று வாடகையை டாலரில் கட்டுபவருக்கு, ரூபாய் சரிகிற ஒவ்வொரு முறையும் அடி.

இண்டிகோ இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2015-இல் 765 ரூபாய்க்கு வெளியான அந்தப் பங்கு, பத்தாண்டுக்குள் 5,000 ரூபாயைத் தாண்டியது. உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கு மேல் அவர்கள் கையில். அதை வாங்கி வைத்துக்கொண்டவர் கெட்டிக்காரர்தான். ஆனால் அதே நிறுவனம் 2021-22-இல் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டியது. 2023-24-இல் 8,000 கோடிக்கு மேல் லாபம். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கக் கையிருப்பும் பொறுமையும் வேண்டும். நம் பொது நிதி எதற்காக இருக்கிறது? உரம் வாங்க, ஆஸ்பத்திரிச் செலவுக்கு, ஜூன் மாதக் கல்லூரிக் கட்டணத்துக்கு. ஜூனில் பங்கு விலை சரிந்து கிடந்தால், கட்டணம் கட்ட வந்தவரிடம் என்ன சொல்வோம்?

உலகப் புகழ்பெற்ற முதலீட்டாளர் வாரன் பஃபெட்டே 2016-இல் அமெரிக்க விமானப் பங்குகளை வாங்கிக் குவித்து, 2020-இல் கொரோனா வந்ததும் மொத்தத்தையும் விற்று வெளியேறினார். நட்டத்தைத் தாங்க அவரிடம் வேறு தொழில்கள் இருந்தன.

இன்னொன்றைச் சுற்றறிக்கை போகிற போக்கில் சொல்கிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை. நம் குழு பதிவு பெறாதது என்பதால், பொருளாளரின் டீமேட் கணக்கிலேயே, அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் அவருடைய சொந்தக் கணக்கிலேயே, வாங்கலாமாம். பொருளாளர் நேர்மையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் ஏட்டில் அந்தப் பங்கு அவருடையது. ஈவுத்தொகை அவர் வங்கிக் கணக்கில் விழும். லாபத்துக்கு வரி அவர் தலையில். நாளை அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் நியமனதாரரும் வாரிசுகளும் வருவார்கள். நம் குழுவின் பெயர் எங்கே இருக்கும்?

விருப்பமுள்ளவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில், சொந்தக் கணக்கில் வாங்கட்டும். அதற்கு முன் நிறுவனத்தின் ரொக்கக் கையிருப்பையும் குத்தகைப் பாக்கியையும் ஆண்டறிக்கையில் பார்த்துக்கொள்ளட்டும். பொது நிதி வைப்பு நிதியிலேயே தொடரட்டும். கூட்டத்தில் இதை வாக்கெடுப்புக்கு விடுவதானால், கைதூக்கி முடிக்காமல் ரகசிய வாக்குச்சீட்டில் நடத்துங்கள். என் எதிர்ப்பை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர் ஒருவர்,
கோத்தகிரி