கொலம்பஸுக்கு முன்பும் உலக வணிகம் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்,

உலக வணிகம் என்றாலே எல்லோரும் கொலம்பஸ், வாஸ்கோ ட காமாவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். துருக்கியின் உலுபுருன் முனையருகே 1982-ல் கண்டுபிடித்த கப்பல் மூழ்கிச் சுமார் 3,300 ஆண்டுகள் ஆகின்றன. அதில் சைப்ரஸ் செம்பு மட்டும் ஏறக்குறைய 10 டன், கூடவே 1 டன் வெள்ளீயம், பால்டிக் கடற்பகுதியின் அம்பர் (கல்லாக இறுகிய மரப்பிசின்), ஆப்பிரிக்கக் கருங்காலி, நீர்யானைப் பல். செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் உள்ள அந்த விகிதம் வெண்கலம் வார்க்கக் கச்சிதமாகப் பொருந்துகிறது! வெள்ளீயம் எல்லா இடத்திலும் கிடைக்காது, அதனால் வெண்கலம் வேண்டுமென்றால் தூரதேசத்து ஆட்களோடு உறவு வைத்தே ஆகவேண்டும்.

அப்புறம், அனத்தோலியாவில், அதாவது இன்றைய துருக்கியில், கானேஷ் என்ற பழங்கால வணிக நகரத்தில் கிடைத்த 20,000-க்கும் மேற்பட்ட களிமண் பலகைகள். இன்றைய ஈராக்கில் இருந்த அசூர் நகரத்துப் பெண்கள், நெய்து அனுப்பிய துணிக்குப் பணம் இன்னும் வரவில்லையென்று கானேஷில் வணிகம் செய்த கணவனுக்கு எழுதிய கடிதங்கள்கூட அவற்றில் உண்டு. இந்தப் பெண்களைப் பற்றியும் உங்கள் வரலாற்றுப் பக்கத்தில் எழுதுங்கள்.