எங்க லயத்து மருத்துவச்சிங்களப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன இதழ்ல மலையகத்து முன்னோர்கள், அதான் இந்தியாவுல இருந்து இலங்கை மலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த நம்ம தமிழ் சனம், அவங்க பத்தி வந்த கட்டுரைய எங்க வீட்டுல எல்லாரும் வாசிச்சோம். நம்ம ஆளுங்க வரத் தொடங்குன 1823ல இருந்து ஆரம்பிச்சு கோப்பிக் காலம், 1867ல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரயில 19 ஏக்கர்ல தேயிலை போட்டது, கங்காணிமாரு ஆள் கட்டிக் கொண்டாந்தது, ரயில் பாதைன்னு எல்லாத்தையும் எழுதியிருக்காங்க, நல்ல கட்டுரைதான். ஆனா அந்தக் காட்டுக்குள்ள பொறந்த பிள்ளைங்கள யாரு கையில ஏந்துனாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. அது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு, அதான் எழுதுறேன்.

எங்க அப்பாயியோட மாமியார், எங்களுக்குப் பூட்டி, பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்துல மருத்துவச்சியா இருந்தவங்க. கோப்பியில 1869ல விழுந்த நோயால தோட்டமெல்லாம் அழிஞ்சு தேயிலைக்கு மாறிக்கிட்டு இருந்த காலத்துல சின்னப் பிள்ளையா வந்தவங்களாம். தோணியில மன்னார்க் கரைக்கு வந்து அங்கருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியா நடை, வழியில வாந்திபேதி, காய்ச்சல், தண்ணி கிடையாது. அந்த வழியில ஒரு பொம்பளைக்கு வலி எடுத்துருச்சு, கங்காணி நிக்க முடியாது நடங்கன்னு சொல்ல, பூட்டியோட அம்மா மட்டும் கூட நின்னு பேறு பாத்து, மறுநாள் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயி கூட்டத்தோட சேந்தாங்கன்னு அப்பாயி சொல்லும். தொழில் அந்த அம்மாகிட்ட இருந்து வந்தது.

கொழும்புல டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரி 1879லயே தொறந்தாச்சு. ஆனா எங்க மலைக்கு அது எதுக்கு ஆகும், பதுளைக்கு ரயிலே 1924லதான் வந்துச்சு. வலி எடுத்தா பத்துக்குப் பன்னெண்டு அடி லயக் காம்பராவுல, அதாவது தோட்டத்து ஆளுங்க குடியிருந்த வரிசை வீட்டு அறையில, ஆம்பளைங்கள வெளிய அனுப்பிட்டு, கூரை மரத்துல ஒரு கயித்தக் கட்டி புடிச்சிக்கச் சொல்லி, அடுப்புல வெந்நி கொதிக்க, பூட்டி உக்காந்திருப்பாங்களாம். தொப்புள் கொடி அறுக்குறதுக்குன்னே தனியா ஒரு சின்னக் கத்தி வச்சிருந்தாங்க, அத வேற யாரும் தொடக்கூடாது, கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துத்தான் அறுப்பாங்க. மத்த எடத்துல அவசரத்துக்குத் தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியாலயே அறுத்து பிள்ளைக்கு ஜன்னி வந்து செத்தத அவங்க அம்மா பாத்திருக்காங்க, கிருமின்னு யாரும் சொல்லிக் குடுக்காமலே கண்ணால பாத்துப் படிச்ச பாடம் அது. அப்புறம் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பூண்டு, கருப்பட்டி, நல்லெண்ணெய் போட்டு காயம்ங்கிற பேறுகால மருந்து கிண்டிக் குடுக்குறது, பிள்ளைக்கு வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் உரசி உரமருந்து. காய்ச்சலுக்கு வெனிவெல்கெட்டங்கிற மரமஞ்சளும் கொத்தமல்லியும் அவிச்சுக் குடுக்குறத கீழ நாட்டுல இருந்த ஒரு சிங்கள வைத்தியர் வீட்டுல கத்துக்கிட்டாங்களாம், பதிலுக்கு அந்த வீட்டுப் பேறுக்கும் பூட்டிதான் போயிருக்காங்க. அட்டைக் கடி சீழ் புடிச்சாலும் சேத்துப்புண் வந்தாலும் ஆளுங்க நேரா அவங்க காம்பராவுக்குத்தான் வருவாங்க.

பிள்ளைத்தாச்சிய பாத்ததும் மொதல்ல கண்ணு கீழ் இமைய இழுத்துப் பாப்பாங்களாம், வெளுத்திருந்தா அந்தக் குடும்பத்த வாரக்கணக்கா விரட்டி விரட்டி கீரை திங்க வைப்பாங்க. கக்கூஸ் இல்லாத தோட்டத்துல வெறுங்காலோட நடக்குற சனத்துக்குக் கொக்கிப்புழுவால சோகை, அதுக்கு அமெரிக்காவோட ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஆளுங்க மாத்தளைப் பக்கம் மருந்து குடுக்க ஆரம்பிச்சது 1916லதான். கால் முன்னாடி வந்தாலோ ரத்தம் நிக்கலன்னாலோ கம்பளியில ரெண்டு கம்பக் கோத்து பொம்பளைய அதுல போட்டு ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லுவாங்க, அதுலயும் சில பேரு வழியிலயே போயிருக்காங்க. அந்தக் காலம் பொற்காலம்னு நான் சொல்ல வரல ஐயா. 1930கள்ல இந்த நாட்டுல ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000 தாய்மாருக்கு மேல செத்தாங்க, ஆஸ்பத்திரியும் பயிற்சி எடுத்த அரசாங்க மருத்துவச்சிங்களான குடும்பநல மாதுங்களும் வந்த பின்னாடிதான் அது கொறஞ்சுச்சு, என் பிள்ளைங்க எல்லாம் ஆஸ்பத்திரியிலதான் பொறந்துச்சு. ஆனா அது வர்றதுக்கு முன்னாடி இந்தப் பொம்பளைங்கதான் இருந்தாங்க, வேற யாரும் இல்ல.

இதுல எனக்குத் தாங்காத விஷயம் ஒண்ணு இருக்கு. ராத்திரி பூரா கண்ணு முழிச்சு ஒரு பேறு பாத்துட்டு விடியக்காலம் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்குற எடத்துக்கு, போயி நிக்கணும், லேட்டா போனா அரைப்பேரு, அதாவது பாதி நாள் சம்பளம் வெட்டு. செக்ரோல்ங்கிற சம்பளப் பதிவுல அவங்க கொழுந்து எடுக்குற ஆளு மட்டும்தான், இந்த வேலைக்குன்னு அதுல ஒரு சதம் எழுதுனது கிடையாது. பொறந்த ஒவ்வொரு பிள்ளையும் தோட்டத்துக்கு நாளைக்கு ஒரு ஆளு, அந்தக் கணக்கு தொரைக்கும் தெரியும் கங்காணிக்கும் தெரியும், ஆனா பேறு பாத்தவளுக்குக் குடுத்ததெல்லாம் பிள்ளை வீட்டுக்காரங்கதான், கொஞ்சம் அரிசியும் ஒரு பழைய சேலையும். அதுலயும் ராத்திரி உள்ள கூப்புட்டு தாயையும் பிள்ளையையும் அவங்க கையில ஒப்படைச்ச அதே வீட்டுல, பகல்ல தண்ணி கேட்டா வாசல்ல நிக்க வச்சு சிரட்டையில ஊத்துன ஆளுங்க இருந்தாங்க. சாதி பேரச் சொல்லித்தான். அப்பாயி இதச் சொல்லும்போதெல்லாம் அழுவும். முன்னோர் பெருமைய எழுதுறப்ப இதையும் சேத்து எழுதணும்ங்கிறது என் எண்ணம், நம்ம சனம் நம்ம சனத்துக்குச் செஞ்சது இது.

2023ல, நம்ம சனம் வந்து 200 வருசம் ஆனதுக்கு, மலையகம் 200ன்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்களே, அந்தப் படங்களப் பாத்தப்ப நான் பூட்டியத்தான் நெனச்சேன், அவங்க அம்மா நின்ன எடம் அந்த வழியில எங்கயோ இருக்கு. எங்ககிட்ட அவங்க போட்டோ ஒண்ணும் கிடையாது. நம்ம ஆளுங்கள ரெண்டு நாட்டுக்கும் பிரிச்ச 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின்னாடி எங்க குடும்பமும் ரெண்டாச்சு, அத்தை வீட்டாரு நீலகிரியில கூடலூர் போயி தமிழ்நாட்டு அரசாங்கத்தோட டேன்டீ தேயிலைத் தோட்டத்துல சேந்தாங்க, அங்க அத்தையும் மூணு நாலு லயத்துக்குப் பேறு பாத்திருக்காங்க. காயத்துக்கு எது எவ்வளவுன்னு இப்ப முழுசாத் தெரிஞ்சது அந்த அத்தைக்கு மட்டும்தான், அவங்களுக்கும் எண்பது தாண்டியாச்சு, போன்ல கேட்டுக் கேட்டு என் தங்கச்சி எழுதிக்கிட்டு இருக்கா.

அதனால ஐயா, உங்க பத்திரிகையில ஒரு பக்கம் ஒதுக்குங்க. அட்டன், பொகவந்தலாவ, மாத்தளை, நமுனுகுல, அந்தப் பக்கம் நீலகிரின்னு எல்லா எடத்துலயும் இந்த மாதிரி ஒரு அம்மாயி, ஒரு ஆத்தா இருந்திருப்பாங்க, அவங்க பேரு, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யாருகிட்ட படிச்சாங்க, அம்புட்டையும் வாசகருங்க எழுதி அனுப்பட்டும். அவங்க கையில பொறந்தவங்க இன்னமும் சில பேரு இருக்காங்க, எங்க தோட்டத்துலயே ரெண்டு பெரியவங்க இருக்காங்க, அவங்ககிட்ட கேட்டு எழுதி வைக்கிற வேலைய நான் இந்த மாசமே ஆரம்பிக்கிறேன், நீங்க பக்கம் தர்றேன்னு சொன்னா மொத ஆளா அனுப்புறேன்.

இப்படிக்கு,
பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்